பிரயூன் வாத்தியாருக்கு ஒரு கிண்ணம் காளான்

பிரயூன் வாத்தியார் இப்போது நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். பிழைப்பாரா மாட்டாரா என்று இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை. அதுவரைக்கும் எனக்கு வேறு வேலை ஓடாது. அதனால் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே நான்கு மேசைகள், பதினைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள். பதினாறாவதை என் கணவர் தவீ உட்கார்ந்தே உடைத்துவிட்டார். சமையல் நான். கோழி சுடுவதும் பாத்திரம் கழுவுவதும் அவர். மீதி நேரம் சாப்பிட வந்தவர்களோடு வாயடிப்பார். கடையின் பின்பாதியில்தான் எங்கள் கட்டிலும் தொலைக்காட்சியும் துணிக்கொடியும். நாங்கள் என்ன துவைத்துப் போட்டிருக்கிறோம் என்பது முதற்கொண்டு வாடிக்கைக்காரர்களுக்குத் தெரியும்.

மழை பிடித்து மூன்றாவது வாரம். அந்தச் சமயத்தில் சுட்ட கோழியை யாரும் சீந்த மாட்டார்கள். வருகிறவர் போகிறவர் எல்லாம் காளான் வந்ததா என்றுதான் கேட்பார்கள். தவீ விடியுமுன் எழுந்து குன்றுக்குப் போவார். இருபது வருடமாகப் போகிறார். நல்லது எது, கெட்டது எது என்று கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே சொல்லிவிடுவாராம், அப்படிப் பீற்றிக்கொள்வார். ஆனாலும் விரிந்த காளானைத்தான் எடுப்பார். கோழிமுட்டை மாதிரி மூடிக் கிடக்கும் மொட்டைத் தொடமாட்டார். மொட்டாக இருக்கும்போது நல்லதும் கெட்டதும் அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும்.

போன வியாழக்கிழமை அவர் போனபோது குன்றில் பாதி ஊர் இருந்ததாம். விரிந்ததெல்லாம் அடுத்தவர் கூடைக்குப் போய்விட்டது. வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் மொட்டுகளைப் பறித்துக்கொண்டு வந்துவிட்டார்.

நான் மட்டும் யோக்கியமா? "மொட்டா இருக்கே" என்றேன், அவ்வளவுதான். பிறகு எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் செய்வதையே நானும் செய்தேன். காளானோடு ஒரு பிடி அரிசியைப் போட்டுக் கொதிக்கவிட்டேன். விஷம் இருந்தால் அரிசி கறுக்கும் என்பார்கள். என் அரிசி வெள்ளை வெளேரென்று இருந்தது. நிம்மதியாக, காட்டுக்கொடி இலையைக் கசக்கிப் பிழிந்த சாற்றை ஊற்றி, புளித்த மீன்சாறும் மிளகாயும் துளசியும் போட்டுக் குழம்பை இறக்கினேன். கரண்டி நுனியில் தொட்டு உப்புப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது. அதைச் சொல்லத்தான் இப்போது நாக்கு கூசுகிறது.

நான்கு கிண்ணம்தான் தேறியது. மழை அடித்து ஊற்றியதால் வெளியூர்க்காரர் யாரும் வரவில்லை. லாட்டரிச் சீட்டு விற்கும் கம்சிங் மாமாவுக்கு ஒன்று, பக்கத்துத் தையல்கடை ஓன்சிக்கு ஒன்று, தவீக்கு ஒன்று. நான்காவதை வாத்தியாருக்கென்று மூடி வைத்தேன்.

வாத்தியார் ஆரம்பப் பள்ளியில் கணக்கு எடுப்பவர். ஒன்பது வருடத்துக்கு முன் மாற்றலாகி வந்தார். தனி ஆள். மதியச் சாப்பாடு எங்களிடம்தான். சோறு குழைந்தாலும் பரவாயில்லை, காரம் தூக்கலாக இருந்தாலும் பரவாயில்லை. ஒருமுறை தவீ கொதிக்கிற சூப்பை அவர் மடியில் கொட்டினார். "பரவாயில்லப்பா, இன்னிக்குக் கொஞ்சம் குளிராத்தான் இருந்துச்சு" என்றார். அடுத்தவர் மனம் நோகக்கூடாது என்று எங்கள் ஊரில் எல்லோருமே பார்ப்போம். வாத்தியாருக்கு மட்டும் அது ஒரு வியாதி.

அன்று அவர் குடையை மடக்கி உட்கார்ந்ததும் கிண்ணத்தைக் கொண்டுபோய் வைத்தேன்.

"வாத்தியாரே, இந்த வருஷத்து முதல் காளான். உங்களுக்குன்னு ஒளிச்சு வெச்சிருந்தேன்."

"எனக்கு மட்டும் அடிச்சட்டிய வழிச்சு ஊத்தினா" என்றார் கம்சிங் மாமா அடுத்த மேசையிலிருந்து.

"உங்களுக்கு ஊத்தினதே பெரிசு மாமா. போன தடவ நீங்க பாத்துக் குடுத்த சீட்டுல ஒத்த நம்பர்கூட வரல."

வாத்தியார் சிரித்தார். கிண்ணத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒட்டரிசிச் சோற்றை உருட்டி உருட்டித் தொட்டு, அடிவரைக்கும் வழித்துச் சாப்பிட்டார். "அருமை தங்கச்சி" என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்தார்.

நான்கு மணிக்கு ஊர்த்தலைவரின் ஒலிபெருக்கி கரகரத்தது. பக்கத்து ஊரில் ஒரே வீட்டில் மூன்று பேர் ஆபத்தான நிலையில் இருக்கிறார்கள், முந்தின நாள் குன்றிலிருந்து எடுத்த மொட்டுக் காளானைச் சாப்பிட்டிருக்கிறார்கள், இன்று அந்தக் குன்றுக் காளானைச் சாப்பிட்டவர்கள் மிச்சத்தை எடுத்துக்கொண்டு உடனே மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். இரண்டு தடவை சொன்னார். என் கையில் இருந்த தட்டு நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. அடுப்புத் திண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஊர்ல நூறு பேர் எடுத்தாங்க. நாம எடுத்ததுதான் விஷமா?" என்றார் தவீ. குரலில் மட்டும் பிசிறு.

"மொட்டு எடுத்தீங்கல்ல?"

"அரிசி வெள்ளையாத்தானே இருந்துச்சு? நானும்தான் சாப்பிட்டேன். எனக்கு என்ன ஆச்சு இப்போ? கொஞ்சம் பொறு லமாய். நாளைக்குக் காலைல பாத்துக்கலாம். இப்பவே போய் விஷம், விஷம்னு சொன்னா அப்புறம் நம்ம கடைல எவன் கை நனைப்பான்?"

"செத்தவன் எந்தக் கடைல கை நனைப்பான்?" என்றேன். குப்பைக்கூடையிலிருந்து காளான் சீவல்களைப் பொறுக்கி ஒரு பையில் கட்டினேன். இறுக்கிய இறுக்கில் ரப்பர் பட்டை இரண்டு அறுந்தது.

நேரே போய், நீங்கள் தின்றது விஷமாக இருக்கலாம் என்று சொன்னால் கேட்பார்கள் என்று நினைத்தேன். ஓன்சி தையல் இயந்திரத்தை நிறுத்தாமலே, "அட போக்கா, எனக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருந்துச்சு குழம்பு" என்றாள். கம்சிங் மாமா அதற்கும் மேல். "நான் செத்தா என்னோட வயசு, வீட்டு நம்பரையெல்லாம் அதிர்ஷ்டம்னு ஊரே சீட்டா வாங்கும். உனக்கும் ஒண்ணு எடுத்து வெக்கிறேன், போ." எல்லோருக்கும் ஒரே எண்ணம்தான். ஆஸ்பத்திரிக்கு ஓடினால் லமாய் வருத்தப்படுவாள், லமாய்க்கு அவமானம். அந்தப் பெரிய மனசு அன்றைக்கு எனக்குப் பேய் மாதிரி தெரிந்தது.

பிறகு ஒரு வழி தோன்றியது. "எனக்குப் போகணும், தனியாப் போகப் பயமா இருக்கு, துணைக்கு வாங்க" என்றேன். அவ்வளவுதான். ஓன்சி கடையைச் சாத்தினாள். கம்சிங் மாமா சட்டையை மாட்டிக்கொண்டார். தங்கள் உயிருக்காக வராதவர்கள் எனக்குத் துணையாக வந்தார்கள். தவீயும் முனகிக்கொண்டே எங்கள் மோட்டார் சைக்கிளை எடுத்தார், ஓன்சி தன்னுடையதை எடுத்தாள்.

வாத்தியார் வீட்டுக்கு நான் மட்டும் ஓடினேன். கதவைத் தட்டி வெகுநேரம் கழித்துத்தான் திறந்தார், அதுவும் பாதி. உள்ளே குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முகம் கழுவியிருந்தார், தலைமுடி ஈரம். துணைக்கு வாங்க என்று அவரிடமும் சொன்னேன்.

"துணைக்குத்தான் மூணு பேர் இருக்காங்களே தங்கச்சி. நாளைக்குப் பரீட்சை, கேள்வித்தாள் எழுதிட்டு இருக்கேன். எனக்கு ஒண்ணும் இல்ல. இருந்தா எனக்குத் தெரியாதா?"

"நிஜமாவா?"

"நிஜமா. நீ மனசப் போட்டு ஒழப்பிக்காத. குழம்பு நல்லா இருந்துச்சு."

கதவை மெதுவாகச் சாத்தினார். நான் நம்பினேன். இல்லை, அப்படிச் சொல்வது தப்பு. நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. தெருவில் மூன்று பேர் வண்டிகளோடு காத்துக்கொண்டிருந்தார்கள், மழை வேறு. நான்கு பேரில் ஒருவருக்காவது ஒன்றும் இல்லை என்று நினைத்ததும் நெஞ்சில் பாரம் கொஞ்சம் இறங்கியது.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது பெண் டாக்டர். நான் கொண்டுபோன சீவல்களைப் பார்த்ததுமே அவள் முகம் மாறியது. அரிசி வைத்துப் பார்த்ததைச் சொன்னேன். "அதெல்லாம் ஒண்ணும் காட்டாதும்மா" என்றாள். திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். எல்லோருக்கும் கரி கரைத்த மாதிரி ஒரு கறுப்புத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். கம்சிங் மாமா பல்லெல்லாம் கறுப்பாகச் சிரித்து நர்ஸைப் பயமுறுத்தினார். அந்தச் சிரிப்பெல்லாம் அன்றோடு சரி. விடிவதற்குள் மூன்று பேருக்கும் வாந்தி, வயிற்றுப்போக்கு. தவீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "மொட்டத் தொட்டிருக்கக் கூடாது லமாய்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வெள்ளிக்கிழமை முழுதும் கையில் ஊசியோடு கிடந்தார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சமைத்தவள் நான், எனக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

மத்தியானம் வாத்தியாருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. ஊர்த்தலைவரிடம் சொல்லி வீட்டுக்கு ஆள் அனுப்பினேன். "நேத்தே போய் மருந்து வாங்கிட்டாராம், படுத்து ஓய்வெடுக்கிறாராம்" என்று தகவல் வந்தது. சரி, எனக்குப் பின்னால் வந்துவிட்டுப் போயிருப்பார் என்று எண்ணிக்கொண்டேன். அவர் குணத்துக்கு, என் கண்ணில் படாமல் வந்துபோவதும் நடக்கக்கூடியதுதான்.

சனிக்கிழமை காலையில் தவீக்கு வாந்தி நின்றது. கஞ்சி கேட்டார். ஓன்சி எழுந்து உட்கார்ந்து தலை வாரினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. டாக்டர் வந்ததும், "நல்லாயிட்டாங்க இல்லம்மா?" என்றேன்.

அவள் என்னை வெளித்தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"இப்பத்தான் நீங்க பயப்படணும்" என்றாள். "இந்த விஷம் முதல் நாள் வயித்த வாட்டும். அப்புறம் எல்லாம் நின்ன மாதிரி இருக்கும், பசிகூட எடுக்கும். அந்த நேரத்துலதான் உள்ள ஈரலத் தின்னுட்டு இருக்கும். வீட்டுக்குப் போயிடறேன்னு எந்திரிச்சுப் போனவங்களத்தான் நாங்க அதிகம் பறிகொடுக்கிறோம். இவங்க மூணு பேரும் சீக்கிரமே வந்துட்டாங்க, ரத்தம் பாத்துட்டே இருக்கோம். வேற யாராவது சாப்பிட்டாங்களா?"

"வாத்தியார். ஆனா அவரு வியாழக்கிழமையே இங்க வந்து மருந்து வாங்கிட்டாரு."

நர்ஸ் பதிவேட்டைப் புரட்டினாள். வியாழன் இல்லை. வெள்ளி இல்லை. பிரயூன் என்று ஒரு பெயரே இல்லை.

ஓன்சியின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு எப்படி ஊர் வந்து சேர்ந்தேன் என்று எனக்கே தெரியாது. கதவை உடைக்கவேண்டியிருக்கும், உள்ளே தரையில் கிடப்பார், அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

பேருந்து நிறுத்தம் திரும்பியதும் அவரைப் பார்த்தேன். சாத்திக் கிடந்த எங்கள் கடை முன்னால், தாழ்வாரத்து மேசையில், இஸ்திரி போட்ட சட்டையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எதிரே பேருந்துக்கு நின்றவர்களெல்லாம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் கைகூப்பிச் சிரித்தார்.

"வா தங்கச்சி. தவீ எப்படி இருக்கான்?"

வண்டியை நிறுத்தி இறங்கினேன்.

"ஊர்ல கன்னாபின்னான்னு பேசறாங்க. விஷக் கடை, அங்க போகாதேங்கறாங்க. எனக்கு மனசு கேக்கல. அதான் வந்து உக்காந்திருக்கேன். நீ ஒரு முட்டை பொரிச்சு சோத்து மேல வெச்சுக் குடு. நான் இங்கயே எல்லாரும் பாக்கச் சாப்பிடறேன். வாத்தியாரே சாப்பிடறாருன்னா அப்புறம் யாரும் வாயத் திறக்க மாட்டாங்க."

"உங்களுக்கு வயிறு?"

"பரவாயில்ல. வியாழக்கிழமை ராத்திரி கொஞ்சம் படுத்துச்சு. நேத்து சாயங்காலத்தோட நின்னு போச்சு. இன்னிக்கு நல்ல பசி."

பசி என்றார். டாக்டர் சொன்ன அதே பசி. கிட்டே போய்ப் பார்த்தேன். அவர் கண்ணின் வெள்ளை, வெள்ளையாக இல்லை. மஞ்சள் கரைத்து விட்டதுபோல் இருந்தது. ஊரில் யாரும் வாத்தியாரைத் தொட்டுப் பேசியதில்லை. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன்.

"ஏறுங்க வண்டில."

"என்னம்மா இது, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். ஏறுங்கன்னா ஏறுங்க. இல்லேன்னா இங்கயே நடு ரோட்டுல உக்காந்து கத்துவேன்."

ஒன்பது வருடத்தில் அவரிடம் நான் குரல் உயர்த்தியதே இல்லை. அந்தப் பயத்தில்தான் ஏறினார் போலிருக்கிறது. பின்னால் உட்கார்ந்தும் என்னைப் பிடித்துக்கொள்ளவில்லை. கூச்சம். வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டார். மழை மறுபடி பிடித்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் அவர் விழுந்துவிடுவாரோ என்று எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. தூங்கிவிடக்கூடாதே என்று கேட்டுக்கொண்டே வந்தேன். மருந்து வாங்கிட்டதா ஏன் பொய் சொன்னீங்க? வயிறு படுத்துச்சுன்னு எனக்கு ஏன் சொல்லல?

"நீ ஏற்கெனவே மூணு பேர வெச்சுட்டு அல்லாடிட்டு இருக்க. நான் வேற எதுக்கு?"

இன்னொரு பள்ளம் தாண்டினோம். பிறகு என் காதருகே, மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே? எனக்குக் காளானே பிடிக்காது, தங்கச்சி. சின்ன வயசுலேர்ந்தே. அந்த வழவழப்பு தொண்டைல எறங்காது. வருஷா வருஷம் நீ ஆசையா ஒளிச்சு வெச்சுக் குடுக்கற. எப்படி வேண்டாங்கறது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவர் மேலா, என் மேலா, தெரியவில்லை. ஒன்பது மழைக்காலம் அந்த மனுஷனுக்குப் பிடிக்காததை ஊட்டிவிட்டு, அவர் அருமை என்றதும் பூரித்துப் போயிருக்கிறேன். ஒருமுறையாவது அவர் முகத்தைப் பார்த்தேனா? திட்ட வாயெடுத்தேன். அப்போது அவர் நெற்றி என் முதுகில் வந்து சாய்ந்தது. நல்ல நினைவில் இருந்தால் வாத்தியார் அப்படிச் சாயமாட்டார். நான் அலறிக்கொண்டே வண்டியை முறுக்கினேன்.

வாசலில் இரண்டு ஆண் நர்ஸ்கள் ஓடிவந்து அவரைத் தள்ளுபடுக்கையில் போட்டார்கள். அதில் படுத்துக்கொண்டு அவர்களுக்கும் கைகூப்பினார், சிரமம் கொடுத்ததற்கு. உள்ளே எங்கள் பெண் டாக்டர் அவர் இமையை இழுத்துப் பார்த்தாள். யாரையோ கூப்பிட்டு நகரத்துக்கு வண்டி தயார் செய்யச் சொன்னாள். பிறகு குனிந்து கேட்டாள்.

"வலி இருக்கா சார்? எங்க வலிக்குது?"

அவர் உதடு அந்தச் சிரிப்புக்குத் தயாரானது. எனக்குத் தெரிந்த சிரிப்பு. நான் பாய்ந்து படுக்கையின் கம்பியைப் பிடித்தேன்.

"பரவாயில்லன்னு சொன்னீங்க, நான் உங்களுக்கு ஜென்மத்துக்கும் சோறு போட மாட்டேன். உள்ளதச் சொல்லுங்க வாத்தியாரே. கால்ல விழறேன், உள்ளதச் சொல்லுங்க."

சிரிப்பு அப்படியே நின்றது. உதடு கோணியது. ஐம்பத்திரண்டு வயது மனிதர், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி அழ ஆரம்பித்தார்.

"வலிக்குது" என்றார் டாக்டரிடம். வயிற்றின் வலப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். "இங்க. ரொம்ப வலிக்குது."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு நீ கதவத் தட்டினப்பவே வலிச்சுது, தங்கச்சி."